பேட்டரி ஹேமர் டிரில்: கல் சுவர், ஈரச் சுவர், ஹாலோ பிளாக் – எதில் எப்படி?

மூடுபனி_குன்னூர்:

மெஷின் 18 வோல்ட் பேட்டரி ஹேமர் டிரில், 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்), 2 ஆம்பியர்-மணி பேட்டரி. வீடு குன்னூரில் பழைய கட்டடம். முன் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், உள் சுவர்கள் செங்கல், பின்னால் பிறகு சேர்த்த குளியலறை ஹாலோ பிளாக், மேலே டைல்ஸ். வேலை மூன்று. கல் சுவரில் புத்தக அலமாரி, ஜன்னல்களுக்குத் திரைச்சீலை ராடு, குளியலறையில் 15 லிட்டர் கீசர்.

கல் சுவரில் 8 மி.மீ. பிட் 12, 15 மி.மீ. வரை போகிறது, அதோடு நின்றுவிடுகிறது. பிட் நுனி நீலம் பாய்ந்திருக்கிறது. மெஷினுக்கு பவர் பத்தவில்லையா, பிட் மட்டமா, பிடிக்கும் முறையில் கோளாறா?

கோத்தகிரி_மேஸ்திரி:

அந்த 12, 15 மி.மீ. வெறும் பூச்சுங்க. கல்லு அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. நீங்க இன்னும் கல்லைத் தொடவே இல்லை.

மெஷின் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீரும். பல்லு வச்ச ரெண்டு வட்டத் தகடு எதிரெதிரா உட்கார்ந்திருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்குறதுதான் அந்தத் தட்டு. ஒரு சுத்துக்கு 15 தட்டுன்னு வைங்க. ரெண்டாம் கியர்ல 1,800 சுத்துன்னா நிமிஷத்துக்கு 27,000 தட்டு. ஒண்ணாம் கியர்ல 500 சுத்துதான், அப்போ 7,500 தட்டு. சுவத்துக்கு ரெண்டாம் கியர்தான்னு சொல்றது இதனாலதான். நிறைய பேர் 'பவர் அதிகம்'னு ஒண்ணாம் கியர்ல போட்டு அழுத்துவாங்க. அதுல முறுக்கு அதிகம், தட்டு கம்மி. பிட்டு தேய்ச்சுக்கிட்டே நிக்கும், சூடாகும், நீலம் பாயும்.

அழுத்தலைன்னா ரெண்டு தகடும் ஒட்டாது, தட்டும் விழாது. ரொம்ப அழுத்தினா மோட்டார் திணறி சுத்து குறையும், அதோட தட்டும் குறையும். தோளை மெஷினுக்கு நேர் பின்னால வச்சு உடம்பைக் கொஞ்சம் சாய்ச்சா போதும். சத்தம் ஒரே சீரா வரணும். சுருதி இறங்குதுன்னா அழுத்தத்தைக் குறைங்க.

கியர் மாத்துறது மெஷின் முழுசா நின்ன பிறகுதான். ஓடும்போது தள்ளினா பல்லு போயிடும்.

கல்லும்_காரையும்:

நீலகிரியிலும் பழனி மலையிலும் சுவருக்கு வைத்த கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைப்பதும் இதே வகைதான். அதில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் கடின அளவில் (வைரம் 10) 7, ஃபெல்ட்ஸ்பார் 6. பிட் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைடு 8.5க்கு மேல். அதாவது வெட்ட முடியும், ஆனால் தேய்த்து வெட்ட முடியாது, அடித்து நொறுக்கித்தான் உள்ளே போக முடியும். பல் தகட்டின் தட்டு எண்ணிக்கையில் அதிகம், பலத்தில் குறைவு. செங்கல்லுக்குப் போதும், சிமென்ட் பிளாக்குக்குப் போதும். இந்தக் கல்லில் 5, 6 மி.மீ. துளை மெதுவாக விழும். 8 மி.மீ. என்றால் பிட்டையும் பேட்டரியையும் தின்றுவிடும்.

கல்லுக்குரியது எஸ்.டி.எஸ். பிளஸ் ரோட்டரி ஹேமர். அதில் பிஸ்டன், காற்று மெத்தை வழியாக ஒரு சம்மட்டியை எறிகிறது. அடியின் பலம் 2 ஜூல் அளவில் வரும். கையால் அழுத்துவதற்கும் அந்த அடிக்கும் சம்பந்தம் இல்லை, மெஷினை லேசாகத் தள்ளிப் பிடித்தாலே போதும். நாலைந்து துளைக்காக வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுத்தால் அரை நாளில் முடிந்துவிடும்.

இம்பாக்ட் டிரைவர் என்று விற்பது வேறு. அது ஸ்க்ரூவைப் பக்கவாட்டில் முறுக்கி அடிக்கும், முன்னோக்கி அடிக்காது. சுவருக்கு ஆகாது.

நுனி நீலமான பிட்டைத் தூக்கிப் போடுங்கள். கார்பைடு துண்டு அந்தத் தண்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பற்று இளகியிருந்தால் அடுத்த துளையில் துண்டு கழன்று உள்ளேயே தங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் எந்த பிட்டும் இறங்காது.

சந்துல_சிந்து:

கல்லையே ஏன் துளைக்கணும்? இரண்டு கல்லுக்கு நடுவில் காரைச் சந்து இருக்கே. அதில் போட்டால் பேட்டரி டிரில்லே பத்து வினாடியில் இறங்கிவிடும்.

கோத்தகிரி_மேஸ்திரி:

இறங்கும்ங்க. அதே வேகத்துல வெளியேயும் வரும். பழைய சுண்ணாம்புக் காரையை ஒரு ஆணியால கீறிப் பாருங்க, மழைக்காலம்னா பொலபொலன்னு உதிரும். ராவல் பிளக்கு, அதான் துளைக்குள்ள திணிக்கிற பிளாஸ்டிக் குழல், ஸ்க்ரூ ஏறும்போது விரிஞ்சு பக்கத்தை நெருக்கினாத்தான் பிடிக்கும். நெருக்க எதிர்ப்பு இல்லாத இடத்துல பிளக்கு விரிஞ்சு என்ன பிரயோஜனம். படம், கடிகாரம் மாட்டணும்னா சந்து சரி. ஒரு மீட்டர் பலகை நிறையப் புத்தகம்னா 25, 30 கிலோ வருது, அதுக்குச் சந்து வேண்டாம்.

கல்லோட நடுவுல போடுங்க, ஓரத்துல இருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி. கல் எங்கே இருக்குன்னு பூச்சுக்கு மேலிருந்து தெரியாதே என்பீங்க. 4 மி.மீ. பிட்டுல சோதனைத் துளை ஒண்ணு போட்டு வர்ற தூளைப் பாருங்க. சாம்பல் நிறத்துல மணல் மணலா வந்தா சிமென்ட் பூச்சு. வெள்ளையா கட்டி கட்டியா வந்தா சுண்ணாம்பு. சிவப்பு செங்கல். தூளே வராம, பிட்டு கணீர்னு கத்திட்டு, கொஞ்சமா மாவு மாதிரி வெளிர் சாம்பல் வந்தா அதான் கல்லு. பளபளன்னு உலோகப் பொடி வந்தா உடனே கையை எடுங்க, அது கம்பி, இல்லேன்னா பைப்.

கல்லும்_காரையும்:

மேஸ்திரி சொன்னதோடு ஒன்று. சந்துதான் வசதி என்றால் ரசாயன ஆங்கர் போடலாம். துளையைப் பெரிதாகவும் ஆழமாகவும் போட்டு, தூசை முழுக்க எடுத்துவிட்டு, பசையை அடியிலிருந்து நிரப்பி, மரையுள்ள கம்பியைத் திருகி இறக்க வேண்டும். விரிந்து நெருக்குவது இல்லை என்பதால் காரை உடையாது. ஆனால் குளிரில் பசை இறுக நேரம் பிடிக்கும். குழாயின் மேல் அச்சிட்ட அட்டவணையில் வெப்பநிலைக்கு ஏற்ற நேரம் இருக்கும். ஊட்டி டிசம்பருக்குத் திருப்பூர் கணக்கைப் போட்டு, அன்று மாலையே பாரம் ஏற்றக் கூடாது.

கரண்ட்காரர்_ஊட்டி:

துளை போடும் முன்னால், சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். பேட்டரி மெஷின் என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒயரைத் தொட்டால் சக்கும் கியர்ப்பெட்டியின் உலோகப் பகுதியும் கரண்டாகிவிடும். ரப்பர் பிடியைத் தவிர வேறெங்கும் கை இருக்கக் கூடாது.

சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே கூரை வரை, நேர் கீழே தரை வரை, இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு துளை வேண்டாம். பிளக் பாயின்ட், கீசர் பாயின்ட், சுவர் விளக்கு எல்லாவற்றுக்கும் இதே விதி. குளியலறையில் குழாய் வாயிலிருந்து மேலும் கீழும் தண்ணீர் பைப் போகும். கீசருக்கு இரண்டு இணைப்பு வாய்கள் விட்டிருப்பார்கள், அவற்றின் நேர்க்கோட்டை விட்டு விலகுங்கள்.

எம்.சி.பி.யை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். இங்கே ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போவதால் மலையில் பாதி வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். இன்வெர்ட்டரையும் தனியாக அணைத்து, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். சுவரில் காட்டும் டிடெக்டரை முழுசாக நம்ப வேண்டாம். ஈரச் சுவரில் எல்லா இடமும் கத்தும், இரும்புக் குழாய்க்குள் போகும் ஒயரைக் கண்டுகொள்ளாது.

மூடுபனி_குன்னூர்:

நன்றி அண்ணா, மேஸ்திரி. அடுத்த சந்தேகம். சக்குக்குப் பின்னால் வளையத்தில் 1 முதல் 20 வரை எண், அப்புறம் பிட் படம், சுத்தியல் படம். டைல்ஸில் எது? ஸ்க்ரூ ஏற்றும்போது எது?

கோடை_தச்சுப்பட்டறை:

எண் எல்லாம் கிளட்ச், அதாவது எவ்வளவு முறுக்கில் பிடியை விட வேண்டும் என்பது. ஸ்க்ரூ ஏற்ற மட்டும். சின்ன எண்ணில் ஆரம்பித்து, தலை பலகையோடு ஒட்டும் முன்பே 'டர்ர்' என்று விட்டுவிட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். பிளக்கில் ஸ்க்ரூ ஏற்றும்போது ஒன்றாம் கியர், கிளட்ச் நடுவாந்திரம். கடைசி இரண்டு சுற்று கையால் திருகுவது இன்னும் நல்லது. அளவுக்கு மேல் முறுக்கினால் பிளக் உள்ளேயே சுழன்று பிடி போய்விடும்.

பிட் படம் மரம், இரும்பு, டைல்ஸுக்கு. சுத்தியல் படம் செங்கல், சாலிட் பிளாக், கான்கிரீட்டுக்கு மட்டும். டைல்ஸில் தட்டு விழுந்தால் முடி போல விரிசல் ஓடும், சில சமயம் மறுநாள்தான் கண்ணுக்குத் தெரியும். குறி வைத்த இடத்தில் காகித டேப்பைக் குறுக்காக ஒட்டி, ஈட்டி முனை உள்ள டைல்ஸ் பிட், ஒன்றாம் கியர், டிரிகரைப் பாதி. விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் வைர முனை பிட்தான் இறங்கும். அதற்கு நனைத்த ஸ்பாஞ்சை ஒருவர் பக்கத்தில் பிடிக்கலாம், மெஷின் மேல் தண்ணீர் படக் கூடாது. டைல்ஸ் கனம் 8, 10 மி.மீ. தாண்டியதும் நிறுத்தி, பிட்டை மாற்றுங்கள்.

மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். முன்-பின் பொத்தானை நடுவில் வைத்தால் டிரிகர் பூட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் சக்கைப் பிடித்து முறுக்கும்போது உள்ளங்கை அந்தப் பொத்தானில் உரசும். சக்கின் மூன்று தாடையும் பிட்டைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்த பிட் இரண்டு தாடைக்கு நடுவில் சிக்கிக்கொண்டால் சுற்றும்போது நுனி ஆடும், துளை முட்டை வடிவமாகும். இறுக்கிய பிறகு ஒரு வினாடி வெறுமனே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரிவர்ஸில் இருக்கும்போது தட்டு விழும், ஆனால் வெட்டாது. 'மெஷின் போகவே மாட்டேங்குது' என்று வரும் புகாரில் கணிசமானவை இதுதான்.

ஆழம்: 40 மி.மீ. பிளக் என்றால் பூச்சு 15, பிளக் 40, தூசு தங்க 10. மொத்தம் 65 மி.மீ. ஆழக் கம்பியை அதற்கு வையுங்கள், இல்லையென்றால் பிட்டில் டேப்பைச் சுற்றுங்கள். பிளக் பூச்சுக்குள் நின்றால் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து வரும், பூச்சைத் தாண்டிச் சுவருக்குள் முழுசாகப் போக வேண்டும். 8 மி.மீ. பிளக்குக்கு 5 மி.மீ. கனத்தில் ஸ்க்ரூ. நீளம், மாட்டும் பொருளின் கனத்தோடு பூச்சையும் பிளக்கையும் கூட்டினால் வருவதற்கு 5 மி.மீ. மேல்.

மப்ளர்_வேண்டாம்:

இங்கே எழுதியதில் இன்னும் வராதது உடுப்பு. மலையில் மப்ளர், சால்வை, கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். சுற்றும் சக்கில் கம்பளி நூல் ஒன்று சிக்கினால் போதும், கையை இழுத்துக்கொண்டு போகும். மப்ளரைக் கழற்றுங்கள். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை இறுக்கி ஏற்றுங்கள். முடி நீளம் என்றால் கொண்டை. டிரிகரில் கை இருக்கும்போது துணிக் கையுறை கூடாது.

பக்கக் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். 18 வோல்ட் மெஷின்கள் 40, 50 நியூட்டன்-மீட்டர் முறுக்கைத் தொடும். சுத்தியல் படத்தில் கிளட்ச் விடாது. பிட் கம்பியில் மாட்டி நின்றால் பிட்டுக்குப் பதில் மெஷின் சுற்றும், மணிக்கட்டு போகும். கைப்பிடியைச் செங்குத்தாகவோ கிடையாகவோ பூட்டி, இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். மாட்டிய பிட்டை டிரிகரைத் தட்டித் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, மெதுவாக இழுங்கள்.

ஏணி மேல் நிற்கும்போது இந்த உதறல் ஆளையே தள்ளிவிடும். ஏணியில் சாய்ந்து, தலைக்கு மேல் கையை நீட்டி ஹேமர் ஓட்ட வேண்டாம். இரண்டு பக்கமும் கால் உள்ள ஏணியோ மேசையோ போடுங்கள், துளை மார்பு உயரத்தில் வரட்டும்.

கண்ணாடி கட்டாயம். தூசுக்கு என்.95 முகமூடி. கைக்குட்டை போதாது, கல்லிலும் கான்கிரீட்டிலும் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கிவிடும். குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டு வேலை செய்தால் அந்தத் தூசு மணிக்கணக்கில் அறையிலேயே மிதக்கும். காதுக்குப் பஞ்சு உருண்டை ஒன்றும் செய்யாது, காதடைப்பான் மலிவாகவே கிடைக்கிறது.

துளையை வாயால் ஊதாதீர்கள், நேரே கண்ணுக்குத்தான் வரும். சைக்கிள் பம்பு போதும்.

கோத்தகிரி_மேஸ்திரி:

ஈரச் சுவர் பத்தி யாரும் எழுதலை. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில சுவரே ஊறிக் கிடக்கும். காய்ஞ்ச சுவத்துல தூளு தானா வெளிய கொட்டும். ஈரச் சுவத்துல அது சந்தனம் அரைச்ச மாதிரி குழைஞ்சு பிட்டோட பள்ளத்துல அப்பிக்கும். வெளிய வர வழியில்லாம உள்ளேயே உருளும், பிட்டு சூடாகும், கடைசியில இறுகிப் பிடிச்சுக்கும். ஆள் என்ன நினைப்பார்னா 'கல்லு வந்துருச்சு'ன்னு இன்னும் அழுத்துவார்.

10 மி.மீ.க்கு ஒரு தடவை, சுத்து நிக்காமலே பிட்டை முழுசா வெளிய இழுங்க. அப்பினதைப் பழைய பல் துலக்குற பிரஷ்ஷால, மெஷினை நிறுத்திட்டு, துடைங்க. பிட்டு கையில சுடும், விரலால தொடாதீங்க. சூட்டோட தண்ணியில முக்காதீங்க, கார்பைடு வெடிக்கும்.

மோட்டார் வாசனை வந்தா நிறுத்திட்டு கீழே வைக்கிறதைவிட, ரெண்டாம் கியர்ல சும்மா அரை நிமிஷம் ஓட விடுங்க. உள்ளே இருக்கிற ஃபேன் சூட்டைத் தள்ளிடும்.

தலைக்குந்தா_தோட்டம்:

பேட்டரி: டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழும். இரவு முழுக்க ஜீப்பில் கிடந்த லித்தியம் பேட்டரியைக் காலையில் சார்ஜரில் போட்டால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், ஏறாது. சார்ஜர் கெட்டுப்போகவில்லை. பேட்டரிக்குள் உள்ள வெப்ப உணரி தடுக்கிறது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். பெரும்பாலான கையேடுகள் கீழ் எல்லையாக 0 அல்லது 5 டிகிரி, மேல் எல்லையாக 40 அல்லது 45 சொல்லும். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். கணப்புக்கு அருகில் வைத்துச் சூடேற்றுவது ஆபத்து.

குளிர்ந்த மெஷினைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் மேலே வியர்க்கும். பேட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே மாட்டுங்கள். சக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தாடையைத் திறந்து மூடி, மிச்சத்தைத் துடைத்தால் மூடுபனிக் காலத்தில் துரு பிடிக்காது.

உயரம் கூடினால் மோட்டார் பலம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். அது பெட்ரோல் இன்ஜினுக்கு.

சந்துல_சிந்து:

திரைச்சீலை ராடுக்கு யாரும் பதில் சொல்லலையே. செங்கல் சுவர்தானே, பேட்டரி டிரில் போதாதா?

கல்லும்_காரையும்:

சுவர் செங்கல்தான். ஆனால் ராடு வருவது ஜன்னலுக்கு மேலே, அங்கே லிண்டல் கான்கிரீட். பெரும்பாலானவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். 6 மி.மீ. பிட், ரெண்டாம் கியர், ஹேமர், பொறுமை இருந்தால் பேட்டரி டிரில்லே போதும். முக்கியக் கம்பி லிண்டலின் அடிப்பக்கத்தில் ஓடும், அடி விளிம்பிலிருந்து 5 செ.மீ. வரை விட்டுவிட்டு மேலே போடுங்கள். கம்பி தட்டினால் இரும்பு பிட் மாற்றி அறுத்துப் போக வேண்டாம், 3 செ.மீ. நகர்த்துங்கள். பழைய துளையை சிமென்டால் அடையுங்கள்.

இவர் வீடு பழசு என்பதால் இன்னொரு சாத்தியம், லிண்டல் மரமாகவே இருக்கலாம். தூளுக்குப் பதில் சுருள் வந்தால் மரம். ஹேமரை அணைத்துவிட்டு, 3 மி.மீ. மர பிட்டில் வழித்துளை போட்டு, நேரே மர ஸ்க்ரூ. பிளக்கே வேண்டாம்.

மூடுபனி_குன்னூர்:

கீசர் ஒன்றுதான் பாக்கி. ஹாலோ பிளாக் 6 அங்குலம், கீசரோடு வந்தது 10 மி.மீ. ஆங்கர் போல்ட் இரண்டு.

கோத்தகிரி_மேஸ்திரி:

அந்த போல்ட்டைப் போடாதீங்க தம்பி. பிளாக்கோட முகம் 30 மி.மீ. சொச்சம்தான் கனம், பின்னால வெறும் பொந்து. ஆங்கர் விரிஞ்சா முகம் உடைஞ்சு உள்ளே விழும். 15 லிட்டர் கீசர் தண்ணியோட 25 கிலோவைத் தொடும்.

சுவத்துக்கு அந்தப் பக்கம் கை எட்டும்னா, ஹேமர் போடாம 10 மி.மீ. துளையை ஊடுருவ விட்டு, நீள போல்ட்டுக்குப் பின்னால 10 செ.மீ. சதுர இரும்புத் தகடும் நட்டும் போடுங்க. ஊடுருவுற நேரத்துல அழுத்தத்தைக் குறைங்க, இல்லேன்னா அந்தப் பக்கம் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். வெளிப்பக்கம் சிலிக்கான் வச்சு அடைங்க, சாரல் அந்த வழியாத்தான் உள்ளே வரும். எட்டாதுன்னா சல்லடைக் குழாய் போட்ட ரசாயன ஆங்கர். பசை பொந்துக்குள்ள பிதுங்கி முடிச்சு மாதிரி நின்னுக்கும்.

சந்துல_சிந்து:

இதே மெஷினில் ஏசி ஷீட் (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) கூரையில் துளை போடலாமா?

மப்ளர்_வேண்டாம்:

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் தொடாமல் இருப்பதே மேல், அந்தத் தூசு புற்றுநோய் வரை கொண்டுபோகும். தவிர்க்கவே முடியாது என்றால் ஹேமர் இல்லாமல், ஒன்றாம் கியரில், இடத்தை நனைத்து, சவரக் குழம்பைக் கட்டியாக அப்பி அதன் ஊடே துளைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பெருக்கக் கூடாது. ஷீட் மேல் கால் வைக்கவே கூடாது, சட்டத்தின் மேல் பலகை போட்டு அதில் நில்லுங்கள். தகரக் கூரை என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ, அலையின் மேட்டில், கிளட்ச் குறைவாக.